அம்மாவின் கழுத்தும் அண்ணனின் சபையும்

எனக்கு நிக்கல் அலர்ஜி, நகை பட்டால் தோல் அரிக்கும் என்று நோர்வேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. தோடில்லாத காதையும் வெறுங்கழுத்தையும் பார்த்து என்னோடு வேலை செய்யும் இங்கர் அப்படி முடிவு கட்டிவிட்டாள். பிறந்தநாளுக்கு மரத்தில் செய்த தோடு தந்தாள். எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் நகை போடுவதில்லை என்று எனக்குத் தெரிந்த நோர்வீஜிய மொழியில் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, அதற்கு நல்ல களிம்பு இருக்கிறது என்றாள். இவளோடு யார் மல்லுக்கட்டுவது?

மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய் எங்கள் ஊர். கத்தோலிக்கக் குடும்பம். யுத்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இன்றுவரை விசாரித்து முடியவில்லை. அப்படியே புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு அழுவார்கள். அழுகை மெல்ல ஜெபமானது. வெளியூர்ப் பாஸ்டர் ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்று வந்த அண்ணன், வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓலைக்கொட்டில் போட்டான். சபை தொடங்கியது அப்படித்தான்.

தமிழர் நாலு பேர் கூடினாலே இராணுவத்துக்குச் சந்தேகம். கைதட்டிப் பாடினால் வேலியால் எட்டிப் பார்ப்பார்கள். ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் நகையைக் கழற்றியதும் புதுத் தலைவலி வந்தது. சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் எங்கள் கழுத்தைக் காட்டி, "நகை எங்க? இயக்கத்துக்குக் குடுத்ததா?" என்று கேட்டான். இயக்கத்து ஆட்களோ, தங்களுக்குத் தராமல் எங்கே ஒளித்தீர்கள் என்றார்கள். யாருக்கென்று பதில் சொல்வது? ஒருமுறை கொட்டிலை இராணுவம் எரித்தது. அடுத்த கிழமையே திரும்பப் போட்டோம். முன்னையைவிடக் கூட்டம் கூடியது. காணாமல் போனவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி அழ அந்தக் கொட்டிலை விட்டால் வேறிடம் இருக்கவில்லை.

ஆனால் வீட்டுக்காரியான அம்மா மட்டும் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. அதற்குத் தாலியைக் கழற்ற வேண்டும். எங்கள் ஊரில் தாலி கழற்றினால் புருஷன் செத்துவிட்டான் என்று அர்த்தம். அண்ணன் வேதத்தைத் திறந்துவைத்து மணிக்கணக்காக விளக்கினான். அம்மா கேட்டுவிட்டு, "இது கொப்பர் கட்டின தாலி. அவர் வந்து கழட்டட்டும்" என்றார். பழைய கத்தோலிக்கக் கோயில் ஆட்களுக்கு அவர் அல்லேலூயாக்காரி. சபைக்கு இன்னும் மனந்திரும்பாதவர்.

போன வருடம் ஊருக்குப் போனேன். கொட்டில் இருந்த இடத்தில் மாபிள் போட்ட பெரிய கட்டடம், ஒலிபெருக்கி, தீவுக்கு வெளியே இலுப்பைக்கடவையிலிருந்துகூட வந்து போகும் சனம். அம்மா வெளி விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருவிருந்து அப்பம் இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சிப்பாயும் கழுத்தைத்தான் பார்த்தான், நாங்களும் கழுத்தைத்தான் பார்க்கிறோம். ஆராதனைக்கு முன் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆளுக்கொரு சட்டம் வைக்கேலாது, பிள்ளை" என்றான்.

"அப்ப அப்பா செத்திட்டார் எண்டு நீங்களே அம்மாவிட்டச் சொல்லுங்கோ."

அண்ணன் வேதப்புத்தகத்தின் உறையைத் தடவிக்கொண்டு நின்றான்.

திருவிருந்தில் எனக்கு வந்த அப்பத்துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய் வாசற்படியில் இருந்தேன். முதுகு சபைக்குள், கால்கள் விறாந்தையில். நோர்வேக்காரி ஏன் அங்கே இருக்கிறாள் என்று உள்ளே யாரோ கேட்பது காதில் விழுந்தது. துண்டைப் பிய்த்துப் பாதியை அம்மாவின் கையில் வைத்தேன். அண்ணன் பார்த்தான். பார்த்துவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினான். அம்மா அந்தப் பாதியையும் இரண்டாக்கி, ஒன்றை வாயில் போட்டார். மற்றதை, "கொப்பருக்கு" என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.