ஆடிப்போன படம்

லிஃப்ட் மெக்கானிக்கான அவரை எங்கள் போட்டோ குழுவில் ஸ்டாண்டு அண்ணன் என்போம். யார் எந்தப் படத்தைப் போட்டாலும், "கை ஆடியிருக்கு. ஸ்டாண்டுல வச்சு எடு" என்று முகத்தில் அடித்தாற்போல எழுதுவார். குறை சொல்லாமல் யாரும் யாரையும் பாராட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். தேனொழுகப் பேசுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். தான் எடுத்த படம் இம்மி ஆடியிருந்தாலும் அண்ணன் அப்போதே அழித்துவிடுவார்.

போன மாதம் அவர் மனைவி இறந்துபோனார். ஃப்ரேம் போட்டு மாட்டப் படம் தேடினால், அடையாள அட்டைக்கு எடுத்ததுபோல விறைத்த முகங்கள்தான் கிடைத்தன. அண்ணி சிரித்தால் உடம்பே குலுங்கும். அதனால் சிரித்த படங்கள் எல்லாம் அழிந்திருந்தன. ஒன்றை மட்டும், அவர் அழிக்குமுன் அண்ணியே தன் போனுக்கு அனுப்பி வைத்திருந்தார்.

அதை அண்ணன் குழுவில் போட்டார். சமையலறை, கையில் கரண்டி, முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த முகம் மட்டும் ஆடிப்போயிருந்தது.

"என்னப்பா, எல்லாருக்கும் வாயடைச்சுப் போச்சா? குறை சொல்லுங்க" என்று அவரே எழுதினார்.

கடைசியில் எங்கள் தையல்கார அக்கா துணிந்தார். "கை ஆடலைண்ணே. பின்னாடி டம்ளரெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஆடினது அண்ணிதான்."

அண்ணன் பதில் எழுதினார்.

"ஆமாம்மா. ஸ்டாண்டுலதான் வச்சிருந்தேன். அவதான் நிக்கலை."