அப்பா மாட்டிய ட்வீட்டர்கள்

ஈயம் உருகும்போது எழுகிற புகைக்கு ஒரு வாசனை உண்டு. குங்கிலியம் போட்டதுபோல முதலில் இனிப்பாக வந்து மூக்கில் ஏறி, கொஞ்ச நேரத்தில் தொண்டையைக் கரகரவென்று பிடித்துக்கொள்ளும். மங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசனைதான். மற்ற நாட்களில் வீட்டுக்குப் பின்னால் இருந்த "தறிக்குடோனில்" நாலு விசைத்தறிகள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இடித்துக்கொண்டிருக்க, அந்த இடிக்கு நடுவிலேயே பேசி, சாப்பிட்டு, பாடம் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிறு மட்டும் தறி நிற்கும். அன்றைக்கு அப்பா தலைக்குக் குளித்து, முருகன் படத்துக்கு முன்னால் திருநீறு பூசி, கும்பிட்ட கையோடு சால்டரிங் அயர்னை எடுத்துப் பிளக்கில் சொருகிவிடுவார்.

அப்பாவின் பெயர் கந்தசாமி. கூலிக்குத் துணி நெய்து கொடுப்பது தொழில். சத்தத்தைத் தேடி அலைவது அவருக்குப் பிடித்தது. யாரிடமும் போய்க் கற்றதில்லை. உடைந்த ரேடியோ ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் ஆரம்பித்து, ஆம்ப்ளிஃபயர் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, தச்சரிடம் பிளைவுட்டில் "டப்பா" அடித்து வாங்கி, அதற்குக் கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, ஒரு முழு "செட்டு" கட்டி நிறுத்தியிருந்தார். துணி போடத் திருப்பூருக்குப் போகிறவர் திரும்பும்போது பையில் கம்பி சுற்றிய காயிலோ வேறு ஏதாவது ஒரு பாகமோ இருக்கும். "ஊட்டுக்குக் காய் வாங்கிட்டு வாங்கன்னா காயில் வாங்கிட்டு வர்றாரு மனுசன்" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். உண்மையாகவே கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

செட்டுக்கு எதிரில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைப்பார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாட்டு ஓடும். "தபேலா எந்தப் பக்கம் கண்ணு?" என்பார். நான் கையை நீட்டிக் காட்டுவேன். "ஜாலரா?" காட்டுவேன். "அந்தம்மா மூச்சு இழுக்கறது கேட்டுதா?" கேட்டது என்பேன். அதைச் சொன்னதும் அவருக்கு வரும் சந்தோஷம் சாமானியமானதல்ல. நானே அந்தப் பாட்டைப் பாடிவிட்டதுபோலத் தலையைத் தடவிவிட்டு அடுத்த பாட்டைப் போடுவார். அண்ணன் செந்திலுக்கு இதிலெல்லாம் பொறுமை கிடையாது. மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவான். அந்த நாற்காலி என்னுடையதாகவே இருந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது கம்ப்யூட்டர் வந்தது. ஏதோ எக்ஸ்போர்ட் கம்பெனியில் கழித்துப் போட்டதைப் பழைய சாமான் கடையில் பார்த்துவிட்டு, திரையைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் இரண்டு ஞாயிறுகளில் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தார். முதல் ஒரு மாதம் அது உயிரோடு இருந்ததைவிடச் செத்துக் கிடந்ததுதான் அதிகம். திரை கறுப்பாக நின்று "பீப் பீப்" என்று கத்தினால், உள்ளேயிருக்கும் ரேம் அட்டையைக் கழற்றி, என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த அழிரப்பரால் அதன் தங்க நிறப் பல்லைத் தேய்த்து மறுபடியும் மாட்டுவார், உயிர் வந்துவிடும். தறியிலிருந்து பறந்து வரும் பஞ்சுத்தூசி உள்ளே ஃபேனில் போய் மெத்தைபோல அடைத்துக்கொள்ள, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து வெளியேற்றுவார். பிறகு தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கி மாட்டி, அதிலிருந்து செட்டுக்கு ஒயர் இழுத்தார். பாட்டு ஓடும்போது திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும். இடது ஓரக் கோடுகள் தடித்த ஒலியான "பேஸ்", வலது ஓரத்தில் இருப்பவை மெல்லிய ஒலியான "ட்ரிபிள்" என்று சொல்லிக் கொடுத்தார். காதால் மட்டுமே கேட்டுவந்ததைக் கண்ணால் பார்த்த அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார்.

எப்போது மாறத் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்குத் திடீரென்று ட்ரிபிள் போதவில்லை. "சில்லுன்னு வரமாட்டேங்குது" என்று மெல்லிய ஒலிகளுக்கென்றே இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர் ஒரு ஜோடி மாட்டினார். கொஞ்ச நாளில் கார்களில் வைக்கிற இன்னொரு ஜோடி. ஒயரை மாற்றினார். சவுண்ட் கார்டை மாற்றினார். கைக்குட்டைபோல மென்மையாக இருந்த பாட்டெல்லாம் வெண்கலப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதுபோல ஆகிக்கொண்டு வந்தன. அடுத்த தெரு தங்கராசு மாமா புதுமனை புகுவிழாவுக்கு அப்பாவை ஒரு செட்டு கட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போனார். விழாவில் பாட்டைப் போட்டதும் கைக்குழந்தைகள் வீறிட்டன. யாரோ போய் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனபோது வேறொரு மெக்கானிக் அதன் ட்வீட்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்ததை அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் முன்னறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே போனால், பாதியில் எழுந்து தறியில் பாவுநூலைப் பார்க்கப் போய்விடுவார். ஆனால் செந்தில் ஒரு வார்த்தை சொன்னால் உடனே பதில் வரும். அவனுக்கு அப்போதுதான் குரல் உடைந்து தடித்திருந்தது. நான் வயதுக்கு வந்திருந்தேன். அத்தை வந்திருந்தபோது அழுதுகொண்டே இதைச் சொன்னேன். அவள் என் தலையை வாரிவிட்டபடி, "பெரிய மனுசி ஆயிட்ட புள்ளைகிட்ட எந்த அப்பன் முன்னாட்டம் பேசுவான்? இனி அப்படித்தான் சாமி, நாமளா ஒதுங்கிக்கோணும்" என்றாள். எனக்கும் அது நியாயம் என்றுதான் பட்டது. ஒதுங்கிக்கொண்டேன். தட்டு வைப்பது, தண்ணீர் கொடுப்பது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரமாகப் போய், அதன்மேல் துவைத்த துணிகள் குவிந்தன.

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கிருந்தோ ஒரு சி.டி. கொண்டுவந்தார். பாட்டு கிடையாது, அடிமட்டத்திலிருந்து உச்சிவரைக்கும் படிப்படியாக ஏறும் வெறும் ஒலிகள். எந்த ட்வீட்டர் கெட்டிருக்கிறது என்று அதைப் போட்டால் கண்டுபிடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வெளியே போயிருந்தான். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் தரையே உறுமுவதுபோல ஓர் ஒலி வந்தது, அப்பா தலையாட்டினார். அடுத்தது, அதற்கடுத்தது. ஒலி ஏற ஏற விசில்போல ஆகி, பிறகு ஊசிபோல ஆனது. அப்பா சட்டென்று முகம் சுருங்கி ஒயரை ஆட்டிப் பார்த்தார். வால்யூமைக் கூட்டினார். எழுந்து போய், ஒரு ட்வீட்டருக்கு நேராகக் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். அறை முழுக்க அந்த ஊசி துளைத்துக்கொண்டிருந்தது. நான் பென்சிலைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். சமையலறையிலிருந்து அம்மா மாவுக் கையோடு, முன்கைகளால் காதை அழுத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"காயில் போயிருச்சாட்ட இருக்குது" என்று சொல்லியபடி அப்பா திரும்பினார். எங்கள் இருவரையும் பார்த்தார்.

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு திரையைப் பார்த்தார். வலது ஓரத்தில் ஒரே ஒரு பச்சைக் கோடு உச்சியைத் தொட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மறுபடியும் என் கைகளைப் பார்த்தார்.

"கேக்குதா கண்ணு?"

நான் தலையாட்டினேன். அவர் மெதுவாக வந்து அதை நிறுத்தினார். நின்றுவிட்டது என்பதை நான் காதை விட்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அம்மா அருகில் போய், "உங்களுக்கு இப்படிக் கீச்சுன்னு கேக்கத்தான் புடிச்சிருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றாள். அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. வெயில் தாழ்ந்ததும் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, எதிரில் உட்காரச் சொன்னார். என் வாயையே பார்த்துக்கொண்டு, ஏதாவது பேசச் சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் அந்த வாரம் நடந்த ஏதோ ஒன்றைச் சொன்னேன். அவர் கண் நிறைந்துவிட்டது.

"நீ பெரிய புள்ளை ஆயிட்ட, அதனால எங்கிட்டப் பேசறதில்லைன்னு நெனச்சுட்டேன் கண்ணு" என்றார். "நீ பேசிட்டேதான் இருந்தயா?"

திருப்பூரில் காது டாக்டரிடம் போனார்கள். உள் நரம்பு தேய்ந்துவிட்டது, மெல்லிய உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் சேர்ந்து போகும், இதற்கு மருந்து கிடையாது, இனித் தறிச் சத்தத்தில் நிற்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதாக அம்மா வந்து சொன்னாள். பஸ்ஸில் அப்பா சிரித்துக்கொண்டே வந்தாராம். தறிக்குப் போகாமல் என்ன செய்வது? காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மா முன்பிருந்தே கெஞ்சியவள்தான். "நூல் அறுந்தாச் சத்தத்துலயே தெரியோணும், பஞ்ச வெச்சுட்டு நின்னா நெய்யற துணி முழுக்க ஓட்டைதாம் விழும்" என்பதே எப்போதும் அவர் பதில். காதுக்கு மாட்டும் மெஷின் ஒன்று வாங்கினோம். அது தறியைத்தான் இன்னும் பெரிதாகக் கேட்கவைத்தது. ஒரு வாரத்தில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ட்வீட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலில் இருந்த ஒரு ஜோடியை மட்டும் விட்டார். பாட்டைப் போட்டு, என் கையை எடுத்துத் பேஸையும் ட்ரிபிளையும் கூட்டிக் குறைக்கும் திருகுகளில் வைத்து, உனக்கு எப்படி நன்றாக இருக்கிறதோ அப்படித் திருப்பி வை என்றார். நான் திருப்பி வைத்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு அந்த அறையில் பாட்டு பாட்டாக இருந்தது. அவருக்கு அது அடுத்த வீட்டில் சுவருக்கு அப்பால் ஓடுவதுபோலத்தான் கேட்டிருக்கும். "நல்லாருக்குதா?" என்றார். நல்லாருக்குதுங்கப்பா என்றேன். "அப்ப இப்படியே இருக்கட்டும்." அதற்குப் பிறகு அவர் அந்தத் திருகுகளைத் தொடவே இல்லை. நாங்கள் கேட்கும்போது கூடவே உட்கார்ந்திருப்பார்; நாங்கள் தலையாட்டும் இடத்தில் அவரும் ஆட்டுவார்.

நான் குரலைத் தடிக்க வைக்கப் பழகினேன். அடிவயிற்றிலிருந்து, ஆண்பிள்ளைபோல, நிறுத்தி நிறுத்திப் பேசினால் அவருக்குக் கேட்டது. செந்திலிடம் பேசுகிற மாதிரியே என்னிடமும் பேசினார். சில வருடங்கள் அப்படிக் கிடைத்தன. பள்ளிக்கூடத்தில் தோழிகள் கேலி செய்தார்கள். கல்லூரியில் சேர்ந்திசைக்குப் போனபோது இந்தக் குரலை எந்த வரிசையில் நிறுத்துவது என்று தெரியாமல் திருப்பி அனுப்பினார்கள். இப்போது ஓர் எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போனில் பேசுகிற, துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்காரர்கள் பலரும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்துவதில்லை. எனக்குக் கல்யாணம் ஆன சமயத்தில் அந்தத் தடித்த குரலும் அப்பாவை எட்டாமல் போய்விட்டது.

மங்கலத்து வீட்டில் இப்போது தறிகள் இல்லை. எடைக்குப் போட்டாயிற்று, சிமெண்டுத் தரையில் போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து நிற்கின்றன. கம்ப்யூட்டர் எந்த வெள்ளையடிப்பில் போனது என்று யாருக்கும் நினைவில்லை. பிளைவுட் பெட்டிகளைக் கரையான் தின்றுவிட்டது. திருப்பூரில் அப்பா பாகம் வாங்கிய கடைகள் இருந்த வரிசையில் இன்று செல்போன் உறைகள் தொங்குகின்றன. வீரபாண்டியில் என் வீட்டுச் சுவரில் ஒல்லியான ஒரு சவுண்ட்பார் இருக்கிறது. திறந்து பார்க்க அதில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். வீடு முழுக்க ஒப்பாரி எழுந்தபோது, அப்பா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்ததும் அவரை என்னோடு அழைத்து வந்துவிட்டேன்.

நான் போனில் டைப் செய்து காட்டுவேன். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். தன் குரலும் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். போன வாரம் ஒரு சாயங்காலம் மாடியில் காய்ந்த துணிகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாக்காரப் பெண் மேலே வந்து என்னோடு ஏதோ பேசிவிட்டுப் போனாள். அப்பா எங்கள் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, உன்ற கொரலு இப்ப எப்படி இருக்குது? உங்கம்மாளாட்டமே வந்துருச்சா?"

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். அன்று காலையில்கூடப் போனில் ஒருவர் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டிருந்தார். "ஆமாங்கப்பா, அம்மாளாட்டமேதான்" என்று டைப் செய்து நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

"அப்பச் செரி" என்றார்.