மீன் தராசில் நிறுத்த பை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பெரியதம்பியின் கடை. பயணப் பெட்டிகளும் குளிர் உடுப்புகளும்தான் சாமான். வியர்வை வழிய வழியக் கம்பளிச் சட்டை விற்கிற மனுசன். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற சனம் விசா கிடைத்ததும் கோயிலுக்குப் போகும், பிறகு பெரியதம்பியிடம் வரும். அவர் பட்ட பெரிய குளிர் நுவரெலியாவில் ஒரு விடியற்காலை. அதையும் போர்வைக்குள் கிடந்துதான் பட்டார். ஆனாலும் குளிரைப் பற்றி வாய் திறந்தாரென்றால் பனிநாட்டில் பிறந்தவனும் தோற்றுப் போவான்.

ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்லும்? இறங்குகிற இடத்தில் சொந்தக்காரன் சூடேற்றிய காரோடு நிற்பான். பெரியதம்பி விற்ற சட்டைகளுக்குச் சோதனை என்று ஒன்று வந்ததேயில்லை.

வந்தது கஜீவனுக்கு. பெரியதம்பியின் மனைவி ஜெகதீஸ்வரியின் ஒரே தம்பி. கைபேசி திருத்துகிறவன். எறும்புக் கால் அளவு ஆணியையும் விரல் நுனியில் ஒட்டி எடுப்பான். நாட்டில் நெருக்கடி வந்து உதிரிப் பாகங்கள் நின்றுபோன வருசம் அவன் மேசை காலியானது. பிறகு அது நிறையவேயில்லை. ஏஜென்ட் ஒருவனைப் பிடித்தான். ஒரு நாடு வரைக்கும் விமானம், அதற்குப் பிறகு எல்லைக் காட்டுக்குள்ளால் நடை. அதுவும் மார்கழியில்.

"முதுகில அஞ்சு கிலோவுக்கு மேல போகக் கூடாது" என்று ஏஜென்ட் சொல்லிவிட்டான். "பாரம் தூக்கிறவன் பின்னுக்கு நிப்பான். பின்னுக்கு நிக்கிறவனை ஆரும் பாத்துக்கொண்டு நிக்கமாட்டினம்."

ஜெகதீஸ்வரி புருசனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இஞ்சாருங்கோ, ஊர்ச் சனத்துக்கெல்லாம் குடுத்து அனுப்பினீங்கள். என்ர தம்பியை விறைக்க விட்டிடாதேங்கோ."

பெரியதம்பி அதைத் தலையில் போட்டுக்கொண்டார். கம்பளிக் கோட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் பிள்ளைப் பாரம். ஒதுக்கினார். ஏற்றுமதி மிச்சத்தில் வந்த இறகுச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். பொத்திப் பிடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும், விட்டால் அடுப்பில் வேகிற பாண் மாதிரிப் பொங்கும். உறங்குபையும் அதே இறகுதான். டெனிம் காற்சட்டையை வேண்டாமென்று, காற்றடித்தாலே உலர்கிற மெல்லிய துணி கொடுத்தார். பையின் முதுகிலிருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றினார், தொங்கிய வார்களை நறுக்கினார், பல் துலக்கும் பிரஷைப் பாதியாய் முறித்தார்.

"அத்தான், என்ர பல்லையும் ரெண்டு கழட்டினால் இன்னும் பாரம் குறையும்" என்றான் கஜீவன்.

"கதைக்காதை. நடக்கேக்கை விளங்கும்."

நிறுத்துப் பார்க்கவும் குளிரைப் பார்க்கவும் ஒரே இடமாய்க் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். அங்கே மீன் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிற மெல்ரோய் பழைய சினேகிதன். ரப்பர் ஏப்ரன் முழங்காலுக்குக் கீழே தொங்க, காலில் ரப்பர் பூட்ஸோடு வந்து பையை வாங்கி மீன் தராசில் தொங்கவிட்டான்.

"என்னண்ணே, நல்ல பாரை மீன் மாதிரி நிறுக்குதே!"

முள் ஐந்தைத் தாண்டி நின்றது. சவர்க்காரம் வெளியே வந்தது. முள் அசையவில்லை. ஒரு சோடிக் காலுறை வந்தது. கொஞ்சம் இறங்கிற்று. பெரியதம்பி பைக்குள் கையை விட்டு மழைக்கோட்டை இழுத்தார். தடித்த ரப்பர் கோட்டு.

கஜீவன் அதைப் பிடித்துக்கொண்டான். "மழை பெய்தால், அத்தான்?"

"பனி கொட்டுற நாட்டில மழை எங்கையடா வரப்போகுது? பனியெண்டால் தட்டிவிட விழுந்திடும். விடு."

விட்டான். முள் ஐந்துக்குள் வந்து நின்றது.

பிறகு கஜீவன் இறகுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் போய் மீன் பெட்டி மேல் குந்தினான். பெரியதம்பி வாசலில் நின்று சேர்ட் கொலரைப் பொத்திப் பிடித்தபடி கத்தினார். "எப்படியடா?"

"வேர்க்குது, அத்தான்!"

அன்று கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது பெரியதம்பிக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றிருந்தது. மழைக்கோட்டைக் கடைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

காட்டுக்குள் இறங்கிய பிறகு கஜீவனிடமிருந்து ஒரே ஒரு குரல்பதிவு வந்தது. பல் கிடுகிடுக்கிற சத்தத்துக்குள்ளால் கதை வந்தது. "பனி இல்லை அத்தான். மழை. விடாமப் பெய்யுது. இறகெல்லாம் கட்டிபட்டுத் தொங்குது. உறங்குபையும் ஊறிப்போச்சு. இப்பதான் பனி துவங்குது."

அதற்குப் பிறகு தொலைபேசி செத்துப்போயிற்று.

ஜெகதீஸ்வரி சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தவள் எழும்பவில்லை. பெரியதம்பிக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. அதே சாதி இறகுச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். மெல்ரோய் மறிக்க முந்தி, குழாயடியில் அதைத் தோய்த்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் நுழைந்தார். முதலில் முதுகு எரிந்தது. பிறகு விரல்கள் நொந்தன. பிறகு நோகவேயில்லை. நோகாமல் போனபோதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. கதவைத் திறக்கப் பார்த்தார்; பிடியை விரல் பற்றவில்லை.

மெல்ரோய் வந்து வெளியே இழுத்தான். "பைத்தியமாண்ணே? நனஞ்சிக்கிட்டு உள்ள போவாங்களா? நான் எதுக்கு இந்த ரப்பரக் கட்டிக்கிட்டுத் திரியிறேன்னு நெனச்சீங்க, அழகுக்கா?"

பை நிறுத்த அன்றைக்கும் மெல்ரோய் அதே ரப்பரோடுதான் நின்றான். பெரியதம்பி அதைக் கண்டவர். ஏனென்று கேட்கவில்லை. குளிரைப் பற்றி அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை.

கஜீவன் சாகவில்லை. எல்லைக் காவல்காரர் எடுத்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள், காயம் ஆறியதும் திருப்பி அனுப்பினார்கள். யாரோ கொடுத்த பெரிய கோட்டோடு கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தான். வலது கையில் பெருவிரலும் சின்னவிரலும் மிச்சம். இடது கையில் நுனிகள் இல்லை.

ஒருநாள் கடையில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது மழை அடித்து ஊற்றியது. பெரியதம்பி ஆணியிலிருந்த மழைக்கோட்டை எடுத்து அவனுக்குப் போட்டார். பொத்தான்களை அவர்தான் பூட்ட வேண்டியிருந்தது. கஜீவன் நாடியைத் தூக்கிக் கொடுத்தான்.

"அத்தான், அக்கா கேட்டவ. கோட்டை நான்தான் வேண்டாமெண்டு விட்டிட்டுப் போனனான் எண்டு சொல்லியிருக்கிறன். நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ."

பெரியதம்பி மேல் பொத்தானைப் பூட்டினார்.

வீட்டில் ஜெகதீஸ்வரி சோற்றைக் குழைத்துத் தம்பிக்குத் தீத்தினாள். கதவில் சொட்டிக்கொண்டிருந்த கோட்டைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதையல்லோ கொண்டு போயிருக்க வேணும், சொல்வழி கேளாத மூதேவி! அத்தான் எவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டித் தந்தவர்!"

கஜீவன் வாயைத் திறந்து அடுத்த வாயை வாங்கினான்.

"நான்தான் அதைப் பையிலயிருந்து வெளியில இழுத்தனான்" என்றார் பெரியதம்பி.

அவள் கை நின்றது. பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்து, அடுத்த கவளத்தை உருட்டினாள்.