ரோஸ்லின் அக்காவும் நான்காவது முத்துத் தாத்தாவும்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரோஸ்லின் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வலப்பாதி முடிந்திருந்தது. இடப்பாதிக்குப் பிரஷ்ஷைக் கொண்டுபோன நேரத்தில் பழைய அலுவலகத் தோழர் தாவீது போனில் கூப்பிட்டார்.

“ஏலே முருகேசா, அக்கா போயிட்டாவலே. காலைல பூசைக்குப் போயிட்டு வந்து, காப்பி போட அடுப்பப் பத்த வச்சிருக்காவ. அவ்வளவுதான்.”

போனைப் பிடித்தபடி குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எப்போது எழுந்தேன், எதைக் கழுவினேன் என்பது நினைவில் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் அக்காவை ஒரு முறை பார்த்தார்கள், என்னை இரண்டு முறை பார்த்தார்கள். மூன்றாவது முறை பார்த்த தாவீதுதான் காதோடு சொன்னார்: “அக்கா மட்டும் முழிச்சிருந்தா இந்நேரம் செவப்புப் பேனாவ எடுத்திருப்பாவ. மீசை ஒன்று. வலப்பாதி கறுப்பு, இடப்பாதி வெள்ளை. பெற்றுக்கொண்ட நிலையில்.” அடக்கத்தில் சிரித்த பாவம் எங்கள் இருவரையும் சேரும்.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்புப் பேனாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருந்தோம். சரக்கு கப்பலில் ஏறியதும், இன்னது இவ்வளவு ஏறியது என்று ஒரு ரசீது போகும். மூட்டை கிழிந்திருந்தால், ஈரம் பட்டிருந்தால், அதையும் ரசீதின் அடியில், ‘பெற்றுக்கொண்ட நிலையில்’ என்று முடித்து, குறிப்பாக எழுத வேண்டும். குறிப்பு விழுந்தால் சரக்கை வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் சரக்கு அனுப்புகிற அண்ணாச்சிமார் முந்திரி மக்ரூன் டப்பாவோடு அக்காவின் மேசைக்கு வருவார்கள். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா மொறுமொறுன்னு இருக்கு அண்ணாச்சி. ஆனா கிழிஞ்ச மூட்ட கிழிஞ்ச மூட்டதான்” என்பார். டப்பாவைக் காலி செய்வது எங்கள் பொறுப்பு. ரசீதில் குறிப்பு அப்படியே இருக்கும்.

“குறிப்பே இல்லாத ரசீதா?” என்று கேட்பார். “அப்போ எழுதினவன் கப்பலுக்குள்ள எறங்கவே இல்லன்னு அர்த்தம்.”

அந்த வகையில் அக்காவிடம் முதலில் மாட்டியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிது. மூட்டைகளை எண்ணுகிற வேலை. அன்று என் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த வெள்ளைப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், எதிர் அலுவலகத்தில் ஒரு டைப்பிஸ்ட் இருந்தார். கப்பலின் சரக்கறைக்குள் இறங்கினால் பேன்ட் என்ன ஆகும் என்று தெரியும். மேலே நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் நல்ல நிலையில்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“உள்ள எறங்கிப் பாத்தியாலே?”

“பாத்தேன்க்கா.”

“ஏணில எத்தன படி ஒடஞ்சிருக்கு?”

நான் ஒன்று என்றேன். அவர் முகத்தைப் பார்த்து இரண்டு என்று மாற்றினேன். அக்கா கோபப்படவில்லை. “ஒடையாத ஏணிலே அது. போன வாரந்தான் மாத்தினான்” என்று சொல்லிவிட்டு ரசீதைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பேன்ட்டை நிச்சயதார்த்தத்துக்குப் போட முடியவில்லை.

அவரைப் பொய் பிடிக்கிற அதிகாரி என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் சமையல்காரரைப் பார்த்து, சாம்பாரில் உப்பு கூடிப்போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு முறை நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இ.சி.ஜி. எடுத்த பையனிடம், இந்தக் காகிதம் ஏன் ரோஸ் நிறத்தில் கட்டம் கட்டமாக இருக்கிறது என்று கேட்டு, அவன் விளக்க, இவர் மேலும் கேட்க, டாக்டர் என்ன சொன்னார் என்பதை இருவரும் கவனிக்கவில்லை. அதை இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இனி என் மகள் நிவேதாவின் கதைக்கு வருகிறேன். இந்த ஊரில் இதை நான் சொல்லிக் கேட்காதவர் குறைவு. மன்னிக்கவும், இன்னொரு முறை.

நிவேதாவுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதே பேச்சு. அங்கே இடம் கொஞ்சம், கேட்கிறவர்களோ நாடு முழுக்க. கிடைக்காவிட்டால் அம்மா சொல்கிற பி.காமில் சேர்ந்துவிடுவதாக அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். நுழைவுத் தேர்வு எழுதியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு கட்டுரை: ‘நீங்கள் யார்?’

இந்தக் கேள்வி எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் யாரும் யாராகவும் இருந்ததில்லை. என் அப்பா ஆறுமுகநேரியில் உப்பளக் கணக்கர். அவர் அப்பாவும் கணக்கர். நான் எண்ணிக்கைக்காரன். இதை எழுதினால் யார் சீட் கொடுப்பார்கள்? விண்ணப்பத்துக்கு யோசனை சொல்லும் ஒருவர் சென்னையிலிருந்து வீடியோவில் பேசினார். “உங்க ஊரோட தனித்தன்மை என்ன சார்? முத்து! அத விட்றாதீங்க” என்றார். நான் விடவில்லை. என் அப்பாவை முத்துக்குளிப்பவராக்கி, மகள் பெயரில் நானே கட்டுரை எழுதினேன். முதல் வரி இது: ‘என் தாத்தாவின் நுரையீரலில் மன்னார் வளைகுடா குடியிருந்தது.’

நிவேதா படித்துவிட்டு, “அப்பா, தாத்தாவுக்கு ஆஸ்துமால்லா இருந்துச்சு?” என்றாள்.

“அதத்தான்ளா அழகா சொல்லிருக்கேன்.”

“தாத்தாவுக்கு நீச்சலே தெரியாதுப்பா.”

உண்மைதான். திருச்செந்தூருக்குப் போனால்கூட, யாராவது கையில் கொண்டுவந்து தரும் கடல்நீரைத் தலையில் மூன்று சொட்டு தெளித்துக்கொண்டு திரும்புகிறவர் என் அப்பா. ஆனால் அது வடக்கே யாருக்குத் தெரியும்? இவள் அனுப்ப மாட்டேன் என்றாள், நான் அனுப்பியே தீர வேண்டும் என்றேன். கடைசி நாளுக்கு மூன்று நாள் இருந்தது. தீர்ப்புச் சொல்ல ரோஸ்லின் அக்காவிடம் போனோம். அக்காவின் ஆங்கிலம் நன்றாக இருக்கும். அதோடு, அழகான நடையைப் பார்த்து என் பக்கம் சாய்வார் என்று ஒரு நப்பாசை.

அக்கா முதல் வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏலே, இந்த மாசத்துல இது நாலாவது முத்துலே.”

அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டார் ஏற்கெனவே திருத்தக் கொண்டுவந்திருந்தார்களாம். எல்லோருக்கும் வீடியோவில் யோசனை சொன்னவர் ஒருவர்தான்.

“அந்த யூனிவர்சிட்டிக்காரன் இதெல்லாம் படிச்சான்னு வையி, தூத்துக்குடியில தரைல நின்ன தாத்தாவே கெடையாதுன்னுல்லா நெனப்பான்? அதுல ஒரு தாத்தா கோவில்பட்டிலே. அங்கன எங்கன இருக்கு கடலு?”

“நான் எழுதுனது உருக்கமா இருக்கும்க்கா. மேல படிங்க.”

“சரி, உங்கப்பா தண்ணிக்குள்ள முங்குதாரு. மேல வள்ளத்துல அவரு கயித்த யாரு பிடிச்சிருக்கா?”

“தம்பின்னு எழுதிருக்கேன்க்கா. பாசம் தெரியணும்லா?”

“தம்பி கைல எவன்லே குடுப்பான்? மச்சான் கைலதான் குடுப்பாவ. கயித்த விட்டான்னா அவன் தங்கச்சி தாலில்லா போவும்? எங்க தாத்தாவுக்கு எங்க ஆச்சியோட அண்ணன்தான் பிடிச்சாரு. முங்கினவன் வீட்டுல இது பச்சப் பிள்ளைக்கும் தெரியும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திருடியது இவருடைய தாத்தாவை. இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் அவர் வீட்டில் ஒருவர் கடலுக்குள் இறங்கியவர் என்று நான் கேட்டதே இல்லை.

“அவருக்கு ரெண்டு காதும் போயித்தான் கரையேறினாரு” என்றார் அக்கா. “இந்த நாலு கட்டுரைல ஒண்ணுலயாவது செவிட்டுத் தாத்தா உண்டாலே?”

இல்லை. நாலு தாத்தாக்களுக்கும் காது நன்றாகக் கேட்டது.

 பிறகு அக்காவுக்கு வழக்கமான வியாதி வந்தது. நிவேதாவின் பக்கம் திரும்பி, “ஏளா, நீ சும்மா இருக்கும்போ என்னதான் செய்வ?” என்றார்.

நிவேதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட். மூடினால் மூடியதுதான். அது எப்போது மூடும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாள். மூன்று மாதம் குறித்து வைத்த நேரங்கள் அதில் இருக்கின்றன. இது எனக்குப் புதிய செய்தி.

“சரியா சொல்லுதா?”

“பயணிகள் ரயிலுன்னா சொல்லும் அத்தை. சரக்கு ரயிலுக்கு நேரமே கெடையாது. அதுல தப்பிருது. அதான் யார்ட்டயும் சொல்லல.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “உன் புரோகிராமவிட முன்னாடி தெரிஞ்சவங்க யாராவது அங்கன உண்டா?”

நிவேதாவின் முகம் சிவந்தது. “வடைக்கடை லிங்கம் மாமா. அவர் மாவ எண்ணெயில போட்டார்னா, வடை வேகுறதுக்குள்ள கேட்டு மூடிரும். ஒரு நாள்கூடத் தப்பினதில்ல.”

“எப்படிளா?”

“தெரியாது அத்தை.”

“தெரியாதா!” அக்கா எழுந்துவிட்டார். கட்டுரை, கடைசி நாள், நான் எல்லாம் மறந்துபோயிற்று. மறுநாள் காலை கேட் பக்கத்தில் லிங்கத்தின் கடையில் நாங்கள் மூவரும் நின்றோம். அக்கா ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நேராகவே கேட்டார்: “அண்ணாச்சி, கேட்டு மூடப் போறது ஒங்களுக்கு எப்படித் தெரியுது?”

லிங்கம் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஸ்டேஷன்லருந்து கேட்டுக்காரருக்குப் போன் வரும்லா? மணி இங்கன கேக்கும். கேட்டதும் மாவப் போடுவேன். கேட்டு மூடினா நிக்கிற சனம் வடை திங்கும். இதுக்கு எதுக்கும்மா மூணு பேரு?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. லிங்கம் மாவைப் போட்டார். அக்கா நிவேதாவின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்து, “போச்சுளா ஒன் மூணு மாசம்!” என்று சிரித்தார். நிவேதாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த மாதத்தில் நான் பார்க்கவில்லை. கேட் மூடியது. வடை வெந்து வந்தது. ஆளுக்கு இரண்டு.

அன்று மதியமே அவள் புதிய கட்டுரையை எழுதி முடித்தாள். ‘என் புரோகிராமை ஒரு வடைக்காரர் தோற்கடித்தார்’ என்று தொடங்கியது. அது எங்கெங்கே தவறியது, அவள் எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் காதை எப்படி மறந்தாள் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அக்கா இரண்டு கால்புள்ளி மட்டும் போட்டார். பேனாவை எடுத்த என்னைப் பார்த்து, “ஒரு எழுத்தத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்” என்றார். அப்படியே போயிற்று. ஏப்ரல் முடிவதற்குள் சீட் வந்தது.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நீங்கள் அறிவீர்கள். விண்ணப்பத்தில் தனித்துத் தெரிவது எப்படி என்று கோயில் வாசலிலும் முடிதிருத்தும் கடையிலும் உபதேசம் செய்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் மைக் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. “தவறியதை எழுதுங்கள், அதுதான் நீங்கள் உள்ளே இறங்கியதற்குச் சாட்சி” என்று அக்காவின் பேச்சை என் பேச்சாகப் பேசினேன். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருந்தார். பின்னால், “நல்லாப் பேசினலே. மூச்சு எங்க விட்ட?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு தாள். என் முத்துக் கட்டுரையின் பிரதி. அதன் அடியில் சிவப்பு மையில் அவர் கையெழுத்து: ‘தாத்தா ஒன்று. ஈரம் பட்ட அடையாளம் இல்லை. பெற்றுக்கொண்ட நிலையில்.’ அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். எதையாவது மிகைப்படுத்திச் சொல்லத் தொடங்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஏழாம் நாள் பூசைக்கு நிவேதா வந்திருந்தாள். இதை எழுதப் போகிறேன் என்றதும், “அப்பா, எழுதுமுன்னால ஒண்ணு சொல்லிருதேன்” என்றாள். இந்த வருடம் அவள் அங்கே சேர்க்கை அலுவலகத்தில் மாணவர் உதவியாளராக இருக்கிறாள். தன்னுடைய பழைய விண்ணப்பத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். நுழைவுத் தேர்வுக் கணக்கு மதிப்பெண்ணை வைத்தே அந்த வருடம் எல்லோரையும் எடுத்திருக்கிறார்கள். கட்டுரை எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதும் அதில் பதிவாகியிருந்ததாம். ஒரே ஒரு முறை. அனுப்பிய அன்றே, ஐந்து நிமிடம் கழித்து, சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று நான் திறந்து பார்த்தது.