உப்புப் பாக்கெட் போய்வந்த வீடு

ஒரு ஆடி மாதம் எங்கள் சமையலறையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட் காணாமல் போனது. பிரிக்காத பாக்கெட். காலையில் குழம்புக்கு உப்புத் தேடியபோது அது அலமாரியில் இல்லை. மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் அதே இடத்தில், அதே மாதிரி பிரிக்காமல் இருந்தது. நகை காணாமல் போயிருந்தால் பதறியிருப்பேன். உப்பு என்பதால் பதற்றம் வரவில்லை. எங்கே போய்விட்டு வந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது.

நான் கிராம சுகாதார செவிலியர். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் குடியிருந்துகொண்டு கூரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறேன். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து கேள்வி கேட்பதுதான் என் பிழைப்பு. குழந்தை காலையில் என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை வெளிக்குப் போனது, நீ வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாரும் பதில் சொல்வார்கள், நானும் எழுதிக்கொள்வேன். ஆனால் என் இரண்டு பிள்ளைகளும் சாயங்காலம் நாலேகாலிலிருந்து ஆறரை வரை என்ன செய்கிறார்கள் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் என்னால் ஒரு வரிகூடச் சொல்லியிருக்க முடியாது.

மகள் அப்போது ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அவர்கள் அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அந்த மாதங்களில் இரண்டாவது ஷிப்ட், மதியமே கிளம்பிவிடுவார். வீட்டுச் சாவி மகள் கழுத்தில் தொங்கும். நான் போட்டிருந்த சட்டம் மூன்று. உள்ளே வந்ததும் தாழ்ப்பாள் போட வேண்டும், கேஸ் அடுப்பைத் தொடக் கூடாது, யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. வீட்டில் ஒரு பழைய செல்போன் வைத்திருந்தேன். நாலரைக்கு நான் அதில் கூப்பிடுவேன். மகள் எடுத்து, "வந்துட்டோம்மா" என்பாள். என் மனம் அதோடு சமாதானமாகிவிடும்.

உப்பு காணாமல் போவதற்கு முன்பே சில விஷயங்கள் கண்ணில் பட்டிருந்தன. ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது மகன் படிகளை எண்ணிக்கொண்டே வந்தான்.

"ஒகட்டி, ரெண்டு, மூடு..."

"யாரைடா மூடச் சொல்ற?" என்றேன்.

"மூடுன்னா மூணும்மா," என்றான், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி. தெலுங்கு எங்கே கற்றான் என்று கேட்டேன். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள், "கிளாஸ்ல யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

இன்னொரு நாள் துவைக்கும்போது அவன் டிராயர் பாக்கெட்டில் அரக்குச் சிவப்பில் பட்டு நூல் சுருள் ஒன்று கிடந்தது. எங்கள் ஊரில் அது பெரிய அதிசயமில்லை, தெருவில் நடந்தாலே செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். எடுத்து ஜன்னல் கம்பியில் சுற்றி வைத்தேன்.

ஒரு ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, ஒரு பாப்பா நாலு வாரமா ஒரே வெயிட்ல இருந்தா என்னா அர்த்தம்?"

நான் மறுநாள் கொடுக்க வேண்டிய அறிக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டே தோசையைத் திருப்பினேன். "தராசு கெட்டுப் போயிருக்கும்," என்றேன்.

"தராசு சரியா இருக்குதா இல்லியான்னு எப்டி பாக்கறது?"

"வெயிட் தெரிஞ்ச பொருள் ஒண்ண வெச்சிப் பாக்கணும். கிலோன்னா கிலோ காட்டணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு இன்னொரு தோசை வாங்கிக்கொண்டாள். பாடத்தில் ஏதோ கேட்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உப்பு காணாமல் போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் உப்பு மறுபடியும் காணவில்லை. இந்தத் தடவை அவள் பள்ளிக்கூடப் பையிலேயே இருந்தது. டிபன் பாக்ஸை எடுக்கப் போன என் கை அதில் தட்டியது.

"இது எதுக்குடி?"

"சயின்ஸ் எக்ஸ்பெரிமெண்ட்டுமா," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். எதையாவது மறைக்கும்போது அவள் இடது காதைத் தடவுவாள், அவள் அப்பா மாதிரியே. அப்போதும் தடவினாள். அடித்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எனக்கு அதில் இஷ்டமில்லை. நானே பார்க்க வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை எங்களுக்குத் தடுப்பூசி நாள். வழக்கமாக எல்லாவற்றையும் முடித்து, மிஞ்சிய மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப ஐந்தரை ஆகும். அந்தப் புதன்கிழமை குழந்தைகள் கொஞ்சம்தான். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு நாலு மணிக்கே புறப்பட்டேன். தெரு முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். சொந்த வீட்டுக்குத் திருடி மாதிரி போகிறோமே என்று சிரிப்புக்கூட வந்தது.

கதவு வெளியே பூட்டியிருந்தது.

சிரிப்பு போய்விட்டது. செல்போனில் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"வந்துட்டோம்மா."

"எங்க இருக்க?"

"வூட்லதாம்மா."

நான் வீட்டு வாசலில் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போனில் அவள் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே ஒரு கைக்குழந்தையின் சிணுங்கல். எங்கள் வீட்டின் பின்பக்கச் சந்தில் தறி ஓடுகிற வீடு ஒன்றே ஒன்றுதான் உண்டு. தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். புருஷன் தறியில் உட்கார்ந்திருப்பான். பெண்டாட்டி சின்ன வயசுக்காரி, பிரசவத்துக்கு நகரி பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டுக் கைக்குழந்தையோடு திரும்பியிருந்தாள். நான் அவளை இரண்டு தடவை பார்த்துச் சிரித்ததோடு சரி. நின்று பேசியதில்லை.

அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே போகாமல் வாசலிலிருந்து பார்த்தேன்.

அந்தப் பெண் ராட்டையில் சிவப்புப் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாள். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி முடிந்த குச்சிகளைத் தட்டில் அடுக்கி ஒகட்டி, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான். மகள் தரையில் மண்டியிட்டிருந்தாள். அவள் முன்னால் பட்டு எடை போடுகிற மின் தராசு. அதன்மேல் ஒரு அலுமினியத் தட்டு, தட்டில் மடித்த துணி, துணிமேல் குழந்தை. ஒரு கையைக் குழந்தைக்கு மேல் தொடாமல் காவலாகப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். பிறகு ஒரு நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"மொத்தம் நாலு கிலோ அறுநூத்திப் பத்துக்கா. போன வாரமும் இதேதான். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும், புரியுதா? தண்ணிகூட குடுக்கக் கூடாது."

அது என் குரல். கடைசியில் கொஞ்சம் கண்டிப்பாக இழுக்கிற அந்தப் 'புரியுதா' கூட என்னுடையதுதான். அதை வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. இத்தனை கடுப்பாகவா பேசுகிறேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

மகன்தான் முதலில் பார்த்தான். "அம்மா!" என்றவன் உடனே அக்காவைப் பார்த்தான். மகள் எழுந்து நின்றாள். அந்தப் பெண் பதறி ராட்டையை நிறுத்தினாள்.

"அக்கா, திட்டாதீங்க. ஒருநாள் உங்க பொண்ணு சாவிய தொலைச்சிட்டு மழையில நின்னுக்கினு இருந்துச்சி. நான்தான் ரா ரான்னு உள்ள கூப்ட்டேன். அப்பறம் டெய்லி வருதுங்க. நான் வேல செய்யறப்ப கொழந்தைய பாத்துக்குதுங்க."

சாவி தொலைந்து பிறகு கிடைத்த கதையே எனக்குத் தெரியாது. "தாழ்ப்பா போட்டுக்கினு உள்ள இருக்கச் சொன்னேனா இல்லியா?" என்று மகளைக் கத்தினேன். உள்ளே தறிச் சத்தமும் நின்றது. மகள் அழவில்லை. நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல இத பாரும்மா. அப்பறம் திட்டு."

என் பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கம். நான் போடுகிற மாதிரியே கட்டம் போட்டிருந்தாள். தேதி, எடை, குறிப்பு. ஐந்து வரிசை. நாலு கிலோ அறுநூறு, அறுநூற்று இருபது, அறுநூறு, அறுநூற்றுப் பத்து, மறுபடியும் அறுநூற்றுப் பத்து. இரண்டு இடத்தில் ஓரமாக, 'உப்பு வைத்துப் பார்த்தேன், தராசு சரி' என்று எழுதியிருந்தது. குறிப்பு என்கிற கட்டத்தில், 'பால் குடிக்கும்போது தலை வேர்க்குது. நடுவுல நிறுத்திடுது. மூச்சு வாங்குது, தம்பி ஓடிட்டு வந்தா வாங்குற மாதிரி.'

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கீழே உட்கார்ந்தேன்.

"பாப்பாக்கு எத்தினி மாசம்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"அஞ்சு முடியுதுக்கா. நான் சின்ன ஒடம்புக்காரி, அதான் இதுவும் சின்னதா இருக்குதுன்னு எங்கம்மா சொன்னாங்க."

பால் கொடுக்கச் சொன்னேன். மின்விசிறி நேராக மேலே சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை ஒரு நிமிஷம் குடித்தது, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது, வாயை எடுத்துவிட்டு மூச்சு வாங்கியது. சட்டையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, ஆனாலும் எண்ணிக்கை இருக்க வேண்டியதைவிட அதிகம்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாம் வா," என்றேன். "இப்பவே."

அவள் புருஷன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து நின்றான். என்ன ஏது என்று கேட்கவில்லை. "புள்ளைங்கள நான் பாத்துக்கறேங்க, நீங்க கெளம்புங்க" என்றான். என் வண்டியின் பின்னால் அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகிற வழியெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "பயமா அக்கா? பயப்படணுமா?" தெரியாததைத் தெரியாது என்று சொல்வது என் வேலையில் கஷ்டமான பாகம். "டாக்டர் பாக்கட்டும்மா," என்றேன்.

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தையின் மார்பில் வைத்தவர் வெகுநேரம் அதை எடுக்கவேயில்லை. மறுநாளே சென்னைக்கு அனுப்பினார்கள். இதயத்தில் ஓட்டை. மருந்து கொடுத்து எடை ஏற்றிவிட்டு அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் நுரையீரல் கெட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னார்களாம். குழந்தை தாய்வீட்டில் பிறந்ததால் இந்த ஊர்ப் பட்டியலில் அதன் பெயர் ஏறவில்லை. இந்தப் பகுதிச் செவிலியருக்கு அப்படி ஒரு குழந்தை இருப்பதே தெரியாது. இரண்டு சுவர் தள்ளிக் குடியிருந்த எனக்குத் தெரிந்திருக்கலாம்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது மகளைக் கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்மா. நீதான் தராசு கெட்டுப் போயிருக்கும்னு சொன்ன."

சந்து திரும்பும்போது அவளே சொன்னாள். "தராசு சரியா இருக்குதுன்னு ரெண்டு வாட்டி பாத்துட்டேன். அப்பறமும் சொல்லலாம்னு நெனச்சேன். சொன்னா வூட்ட பூட்டிக்கினு போனது தெரிஞ்சிடும். நீ அங்க போவக் கூடாதுன்னுடுவ. போலன்னா வெயிட்டு யாரு பாப்பாங்க?"

பதினொரு வயதில் அவள் தனியாக உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் கூரத்தில் யாரோ ஒரு அம்மாவிடம் பிள்ளைகளைக் கவனித்துப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

என் சட்டங்களை மாற்றினேன். நாலேகாலுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகலாம், போவதைப் போனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வேலையிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குப் போனால் அம்மாவிடம் மட்டும் கேட்பதில்லை. மூத்த பிள்ளை இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, "தம்பிப் பாப்பா எப்டி இருக்கான்?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் அளந்து பேசுவதில்லை. கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாம் மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. கார்த்திகை பிறந்த பிறகு குழந்தை திரும்பி வந்தது, நெஞ்சின் நடுவே ஒரு கோட்டுத் தழும்போடு. நாங்கள் மூவரும் பார்க்கப் போனோம். அது என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அந்தப் பெண் தராசை எடுத்து வைத்துத் துணியை மடித்துப் போட்டு, "டாக்டரம்மா, பாருங்க" என்று என் மகளைக் கூப்பிட்டாள். ஆறு கிலோவைத் தாண்டியிருந்தது. மகள் பார்த்தாள், நோட்டில் எழுதினாள், மூடினாள். அடுத்த வாரம் அவள் எடை பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"ஏன்டி வெயிட்டு பாக்கறதில்ல?" என்றேன்.

"இனிமே ஏறிக்கினேதாம்மா போவும். அதுல பாக்கறதுக்கு என்னா இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இவளை நர்சாக்கலாம், டாக்டராக்கலாம் என்று ஒரு மாதமாக மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அங்கேயே கலைந்துவிட்டது. அவளுக்கு இப்போது வேறு பிடித்திருந்தது. புடவையில் மயிலும் பூவும் விழுவதற்காகத் தறிக்கு மேலே தொங்குகிற துளை போட்ட அட்டைகள். எந்தத் துளை எந்த மயிலாக மாறுகிறது என்று அந்த வீட்டுக்காரரைத் துளைத்தெடுத்தாளாம். தனக்கே சரியாகத் தெரியாது, அட்டையில் துளை அடிக்கிறவரைத்தான் கேட்க வேண்டும் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றாள்.

தெரியாது என்றேன். இந்த ஊரிலேயே பிறந்து, கல்யாணத்துக்கு மயில் போட்ட புடவை கட்டியவள். ஒரு நாளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அட்டை அடிக்கிறவர் வீட்டை விசாரித்து வைக்க அவளிடமே சொன்னேன்.