மூன்றாவது கியரில் ஒரு நடுக்கம்

அந்த வருடம் தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் ஒரே ஒரு வேண்டுதல்தான்: சித்தியின் கார் நடுங்கக் கூடாது. மற்ற வீடுகளில் வேலை, கல்யாணம், வீசா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் மூன்றாவது கியருக்காக முழந்தாளிட்டோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லிங்கராஜபுரத்தில் வீட்டின் முன்பக்கம் அப்பாவின் மெக்கானிக் ஷெட், பின்பக்கம் நாங்கள். சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் சித்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது முதல் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அம்மாதான். “சைக்கிளோட நிறுத்தியிருக்கணும்” என்று அம்மா அடிக்கடி சொல்வாள். நிறுத்தவில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஆஃபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் சாதுவாக உட்கார்ந்திருக்கும் சித்தி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சந்தாபுராவைத் தாண்டி ஒரு மண் தடத்துக்குப் போய்ப் பேய் பிடித்தவள்போல் கார் ஓட்டுவாள்.

கார் எங்கள் பழைய குடும்பக் கார்தான். அப்பா அதன் பின் ஸீட்டையும் ஸைலன்ஸரையும் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வெல்ட் செய்து, ரேஸ் காராக மாற்றியிருந்தார். டாஷ்போர்டில் ஒரு பித்தளை மாதா சுரூபம் இருந்தது. என் நடுவிரல் உயரம்தான், ஆனால் கையில் எடுத்தால் நல்ல கனம். அதையும் சித்தி பெயர்த்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

“ரேஸ் வண்டியில லூஸா ஒண்ணுமே இருக்கக் கூடாதுக்கா. செக் பண்றவங்க ஒரு ஸ்பேனர் கெடந்தாக்கூட வெளிய தள்ளிடுவாங்க.”

“மாதாவும் ஸ்பேனரும் உனக்கு ஒண்ணாடீ?” என்றாள் அம்மா.

ஆனாலும் சுரூபம் காருக்குள் திரும்பிப் போகவில்லை. அம்மா அதைச் சேலைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் புது டயர்கள் வந்தன. அப்பா தானே ஷெட்டில் உட்கார்ந்து மாட்டினார். நான்காவது டயர் ரிம்மில் பாதி ஏறிக் கிடந்தபோது யாரோ வாடிக்கையாளர் கூப்பிட்டார் என்று வாசலுக்குப் போனார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சநேரம் அங்கேயே குனிந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்ப்பதில் நான் கெட்டிக்காரிதான்.

அடுத்த ஞாயிறு நடுக்கம் வந்தது. மூன்றாவது கியரில், நேரான தடத்தில், ஸ்டியரிங் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறுகிறது என்றாள் சித்தி. அப்பா ஏறி ஓட்டினார். ஒன்றுமில்லை. “உன் கைதான்மா நடுங்குது” என்றார். சித்தி மறுபடி ஏறினாள். உதறல். இறங்கி நின்று, திரும்ப ஏறினாள். வெண்ணெய் மாதிரி போனது. ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. இருந்தால் அந்த ஓட்டம் முழுக்க இருக்கும், வண்டியை நிறுத்தி எடுத்தால் போய்விடும். அப்பா போனில் வீடியோ எடுத்து, சாப்பிடும்போதுகூட அதையே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்ஜின் மவுண்ட் மாற்றினார். வீல் பேரிங் மாற்றினார். ரிம்முக்குள் அப்பியிருந்த சேற்றை ஸ்க்ரூடிரைவரால் குடைந்து எடுத்தார். அன்று நடுக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “சேறுதான். நான் அப்பவே நெனச்சேன்” என்றார். அடுத்த வாரம் அது திரும்பி வந்தது. சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்றிப் பார்க்கலாம் என்றால், “உங்க மண்ணு பூரா என் மெஷின்லதான் கொட்டும் சார்” என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். டயர்களை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அவை புதுசு அல்லவா.

நான்காவது ஞாயிறு நடுக்கம் ஸ்டியரிங்கைப் பிடுங்க, சித்தி மண்மேட்டில் போய் ஏறினாள். முகவாயில் இரண்டு தையல். சித்தி சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். அம்மா சிரிக்கவில்லை.

“ஈஸ்டர் முடிஞ்சு வர்ற ரேஸுக்கு நீ போகணும்னா, அந்த நடுக்கம் எதுனாலன்னு என் கண்ணு முன்னால கண்டுபிடிக்கணும். இல்லேன்னா வண்டி காயலாங்கடைக்குத்தான்.”

அந்த ஒரு பந்தயத்துக்காகச் சித்தி ஒரு வருடமாகப் பழகியிருந்தாள். அம்மா சொன்னால் சொன்னதுதான் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று முதன்முதலாகச் சித்தி சாப்பிடாமல் தூங்கப் போனாள். எனக்கு அம்மாமேல் அப்படிக் கோபம் வந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. ஷெட்டில் இடமில்லாமல் அப்பா காரைச் சந்திலேயே நிறுத்தியிருந்தார். காலையில்தான், பத்து மணிக்குச் சிலுவைப்பாதை ஊர்வலம் அந்தச் சந்து வழியாக வரும் என்பது நினைவுக்கு வந்தது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள் என்பதால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சுத்தியலைத் தொட மாட்டோம், ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம். ஸைலன்ஸர் இல்லாத காரை அன்று ஸ்டார்ட் செய்தால் என் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேசுவார்கள். ஆகவே தள்ளினோம். ஸ்டியரிங் என் பொறுப்பு. அப்பாவும் சித்தியும் பின்னால், அம்மா இடதுபக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. கோயில் மணி இல்லை, டிவி இல்லை, பைக் இல்லை. அந்த அமைதியில் எங்கோ, டொக். கார் கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி, டொக்.

அம்மாதான் முதலில் தள்ளுவதை நிறுத்தினாள்.

“ஏன் நின்னுட்ட?” என்றார் அப்பா.

“கை வலிக்குது.”

ஆனால் அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. “முன்னால தள்ளு. பின்னால இழு. மறுபடி முன்னால” என்று எங்களை வதைத்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு டொக். அப்பா இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, டயரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில் சிலுவைப்பாதை சந்துக்குள் திரும்பியது. ஃபாதர் ஜெபம் சொல்ல, கூட்டம் முழுவதும் முழந்தாளிட்டது. அப்பா ஏற்கனவே தயாராக இருந்தார். கண்ணை மூடி, காரைக் கட்டிக்கொண்டு அவர் இருந்த கோலத்தைப் பார்த்து, வருடத்துக்கு இரண்டுதரம் கோயிலுக்கு வரும் மனுஷனா இது என்று ஃபாதரே ஒரு நிமிடம் நின்று பார்த்தார்.

“டயருக்குள்ள என்னமோ கெடக்குது” என்று அப்பா சித்தியிடம் கிசுகிசுத்தார். “ஓடுறப்ப அது ஒரு எடத்துல போய் ஒட்டிக்குது. நல்ல எடத்துல ஒட்டுனா ஆட்டம் இல்ல, கெட்ட எடத்துல ஒட்டுனா ஆட்டம். நின்னா வுழுந்துடுது. அதான் இந்தக் கண்ணாமூச்சி.”

“இப்பவே பிரிக்கலாம் மாமா.”

“இன்னிக்கு இரும்பைத் தொடக் கூடாது” என்றாள் அம்மா.

அன்று பகல் முழுவதும் அப்பா அந்த டயரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா கஞ்சிகூடக் குடிக்கவில்லை. ஒருசந்தி விரதம் என்றாள்.

சனிக்கிழமை காலை அப்பா சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப்போட்டார். கண் முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்ட அம்மா, கிட்டே வராமல் வீட்டு வாசற்படியிலேயே நின்றாள். சித்தி லிவரைக் கொண்டுவர ஓடினாள், திரும்பி வந்தாள், டார்ச் எடுக்க மறுபடி ஓடினாள். அவள் டார்ச்சுக்குப் போன நேரத்தில் அப்பா டயரின் விளிம்பை நெம்பிக் கையை உள்ளே விட்டார். கை வெளியே வந்தபோது நான் பார்த்தேன். பித்தளை மாதா. மூக்கு கொஞ்சம் தேய்ந்திருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு வாசற்படியைப் பார்த்தார். சட்டென்று மாதாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே கிடந்த ஒரு ஜல்லிக்கல்லைப் பொறுக்கிக்கொண்டார்.

“என்ன மாமா, என்ன கெடச்சுது?” என்று சித்தி டார்ச்சோடு வந்தாள்.

“கல்லும்மா. டயர் மாட்டுறப்ப வுழுந்திருக்கும். என் தப்புதான்.”

“அப்பா பொய் சொல்றாரு” என்றேன் நான். அதற்குள் அம்மா வந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போய்விட்டது. அம்மா சித்தியின் முகவாயை, அந்தத் தையல் இருந்த இடத்தை, மெல்லத் தொட்டாள். “கண்டுபுடிச்சாச்சு இல்ல. போய் ஓட்டுடீ” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மாதா தானாகவே டயருக்குள் போயிருக்கிறாள், கண்ணெதிரே இத்தனை பெரிய புதுமை நடந்திருக்கிறது, அதை அப்பா ஜல்லிக்கல் என்று சொல்லி மறைக்கிறார், உண்மையைச் சொன்ன எனக்குக் கிள்ளு. ஈஸ்டர் பண்டிகைக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது என் பாவங்களைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, அப்பாவின் பாவத்தை விரிவாகச் சொன்னேன். ஃபாதருக்கு இருமல் வந்துவிட்டது.

பந்தயத்தில் சித்தி ஐந்தாவதாக வந்தாள். ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. ஆனால் எனக்கு மறக்காதது அதற்கு முன் நடந்தது. அன்றைக்கு அம்மாவும் முதன்முறையாகத் தடத்துக்கு வந்திருந்தாள். வண்டிகளைச் சோதிக்கிறவர் எங்கள் காருக்குள் தலையை விட்டு, ஓட்டுநர் ஸீட்டுக்குப் பின்னால் எதையோ பிடித்து ஆட்டிப் பார்த்தார். “லூஸ் இல்லா. ஹோகி” என்று கன்னடத்தில் சொல்லிப் போகவிட்டார்.

சித்தி எட்டிப் பார்த்தாள். கூண்டின் குழாயோடு பித்தளை மாதாவை இரண்டு கிளாம்ப் போட்டு அப்பா இறுக்கியிருந்தார்.

“கல்லு நல்லா மின்னுது மாமா” என்றாள் சித்தி. அப்பா வானத்தைப் பார்த்தார். சித்திக்குக் கண் பார்வையில் ஏதோ கோளாறு என்று நான் முடிவு செய்தேன். சித்தி அம்மாவை ஒருதரம் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஹெல்மெட் எடுக்கப் போனாள்.

அம்மா காருக்குள் குனிந்தாள். சுரூபத்தை ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்று அழ ஆரம்பித்தாள்.

நன்றாக உற்றுப் பார்த்தேன். மாதாவின் முகத்தில் கறுப்பாக கிரீஸ் அப்பியிருந்தது. அப்பா வேலை எப்போதும் இப்படித்தான். அம்மா இதற்குப் போய் அழ வேண்டாம் என்று நான் என் கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, மாதாவின் முகத்தைப் பளபளவென்று துடைத்துவிட்டேன்.