துர்காதேவி தட்டிப் பார்த்து வாங்கிய லென்ஸ்

துர்காதேவியிடம் ஒரு பீங்கான் கப்பைக் கொடுத்தால் அதைக் காதோரம் பிடித்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். டங்கென்றால் நல்ல சரக்கு. டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். பொம்மை என்றால் குலுக்குவாள். உள்ளே கடகடவென்றால் ஏதோ உடைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் அவள் தீர்ப்பு ஒன்றே: "செகண்ட்ஸ்." கழித்துப் போடும் சரக்கு என்று அர்த்தம். விருத்தாசலம் பீங்கான் யூனிட் ஒன்றில் பதினாலு வருஷம் அவள் பார்த்த வேலை அது. அச்சு வார்க்கிறவர்கள், "அது அப்படித்தாங்க்கா இருக்கும்" என்று இழுப்பார்கள். "யாருக்குக் காது குத்துற?" என்பாள். அதற்கு மேல் முதலாளிகூட வாயைத் திறக்க மாட்டார். அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

போட்டோ வேலைக்கு அவள் வந்ததும் அந்தக் காதும் கண்ணும் கொடுத்த திமிரில்தான். யூனிட்டில் சாம்பிள் படம் எடுக்க வந்தவன் பஞ்சநாதன். பத்து பாக்கெட் வைத்த கோட்டு, பத்திலும் ஒன்றுமில்லை. அவன் எடுத்த பூச்சாடிகளின் வயிற்றில் எல்லாம் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. "சாடிய எடுத்தியா, லைட்ட எடுத்தியா தம்பி?" என்று கேட்டுவிட்டு, ஒரு வெள்ளை வேட்டியை லைட்டுக்குக் குறுக்கே கட்டி, முதலாளியின் சின்ன கேமராவை வாங்கி அவளே எடுத்தாள். கோடு மறைந்தது. அன்றிலிருந்து அவள் போட்டோக்காரி.

அப்புறம் ஊரில் கேமரா தூக்கிய ஒருவனையும் அவள் விட்டுவைக்கவில்லை. மண்டபத்தில் லென்ஸின் நீளத்தைப் பார்த்து மரியாதை கொடுக்கும் சொந்தக்காரர்கள், அதற்காகவே முழ நீளக் குழாயைத் தூக்கி வரும் ஸ்டுடியோக்காரர்கள், லென்ஸையே தொடாமல் யூடியூப் பார்த்துவிட்டு லென்ஸைப் பற்றிப் பேசும் பொடியன்கள் எல்லோரும் அவளுக்கு செகண்ட்ஸ். ஆனால் அவர்கள்தான் கல்யாணம் எடுத்தார்கள். இவளைப் பொண்ணு ரூமில் ஜடையைப் படம் எடுக்க மட்டும் கூப்பிட்டார்கள். அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் கூட வேலை பார்த்த பூங்கோதை வந்தாள். "எம் பொண்ணு கல்யாணம் துர்கா. எங்க பக்கத்து போட்டோ பூரா நீதான். தாலி கட்றது மட்டும் நல்லா வந்துடணும்" என்றாள். முதல்முறையாக ஒரு முழுக் கல்யாணம். இது தேறினால் இனி ஜடை எடுக்கப் போக வேண்டாம். கரும்பு டிராக்டர் ஓட்டும் கணவன் இளவழகனோடு கிளம்பி, பழைய கேமரா விற்கும் பச்சமுத்துவின் கடையில் பெரிய ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்றை வாங்கினாள். அதுவரை அவள் வைத்திருந்த சின்ன கேமராவின் லென்ஸ் இதற்குச் சேராது. புதிதாக ஒன்று வேண்டும். ஒன்றுக்குத்தான் வசதி.

பச்சமுத்து இரண்டை எடுத்து வைத்தான். இரண்டும் ஜூம். இரண்டையும் மாட்டி வாசலில் போகிற பஸ்ஸை எடுத்துப் பார்த்தாள். வெயிலில் இரண்டும் பளிச்சென்று வந்தன. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் என்ன, காதுதான்.

முதலாவதைக் கேமராவிலிருந்து கழற்றிக் காதோரம் வைத்து லேசாகக் குலுக்கினாள். கடகட.

"உள்ள ஏதோ கழண்டுபோய்க் கெடக்குது."

"அது அப்படித்தாங்க்கா இருக்கும். கை ஆட்டத்தத் தாங்கறதுக்கு உள்ள ஒரு கண்ணாடி மெதக்குது. இருட்டுல இதுதான் கை கொடுக்கும்."

"பதினாலு வருஷமா இதே டயலாக்கத்தான் கேட்டுட்டு இருந்தேன். யாருக்குக் காது குத்துற?"

இரண்டாவது, பழைய காலத்துக் கனமான இரும்புக் குழல். குலுக்கினாள், மூச்சுப் பேச்சில்லை. அதையே வாங்கினாள். கடையில் நின்றிருந்த பஞ்சநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவள் கழித்ததை அவன் எடுத்துக்கொண்டான் என்று அடுத்த நாள் கேள்விப்பட்டபோது, "ஆளுக்கேத்த லென்ஸு" என்று இளவழகனிடம் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணம் கோயிலில். மாப்பிள்ளை பக்கத்துக்குப் படம் எடுக்கப் பஞ்சநாதன் வந்திருந்தான், அதே கோட்டில். கருங்கல் மண்டபம், நடுப்பகலிலும் மங்கல் வெளிச்சம். "ஃபிளாஷ் அடிக்கக் கூடாதுங்க" என்றார் குருக்கள். மங்கலில் வெளிச்சம் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் புள்ளி தட்டும். மேல்பூச்சு கிளேஸில் புள்ளி கண்ட கப்பை ஒருநாளும் தேற்றாதவள் படத்தில் மட்டும் தேற்றுவாளா? ஷட்டரை மெதுவாக வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். மேளம் கொட்டியது. பின்னால் நின்ற கூட்டம் அட்சதை போட முண்டியது. எட்டு படம் எடுத்தாள்.

தூண் ஓரம் போய்ப் பெரிதாக்கிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் விரல் இரண்டாகத் தெரிந்தது. தாலி ஒரு மஞ்சள் இழுப்பு. எட்டும் அப்படியே. கை ஆடியிருக்கிறது.

பூங்கோதை வேர்த்து விறுவிறுக்க வந்தாள். "தாலி கட்னது வந்துச்சாடி?" என்று எட்டிப் பார்த்தாள். சின்ன ஸ்கிரீனில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. "ஐயோ, சூப்பரா இருக்குது!" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆல்பம் வரும்வரை யாருக்கும் தெரியாது.

"இல்லடி," என்றாள் துர்காதேவி. "செகண்ட்ஸ்."

பூங்கோதையின் முகம் வாடிவிட்டது. அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் துர்காதேவி நேராகப் பஞ்சநாதனிடம் போனாள். "தம்பி, தாலி கட்னது உங்கிட்ட வந்திருக்குதா?"

அவன் காட்டினான். பெரிதாக்கினாள். முடிச்சின் நூல் இழை தெரிந்தது. பொண்ணின் கண்ணோரத்தில் நின்ற நீர் தெரிந்தது. குறை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அவன் கேமராவை வாங்கி, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடி லென்ஸைக் காதில் வைத்து அசைத்தாள். சத்தமில்லை. ஸ்விட்சை அணைத்து அசைத்தாள். கடகட.

கரண்டு ஏறாமல் உயிரில்லாமல் கிடந்த நேரத்தில் குலுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

"பொண்ணு வூட்டுக்கும் இந்தப் படத்த அனுப்பிடுறேங்க்கா," என்றான் பஞ்சநாதன். "நீங்க எடுத்ததாவே இருக்கட்டும்."

"வேணாம். நீ எடுத்ததுன்னு நானே சொல்லிக் கொடுக்கறேன்." கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தச் சத்தம் எதனாலன்னு கடையிலயே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க்கா."

"அப்ப ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே கீழே பார்த்தான். "நீங்க தட்டிப் பாத்து வேணாம்னு சொல்லிட்டா, அதுக்கு மேல யாருக்கா பேசுவாங்க?"